முகாமுக்கு வந்த புத்தகங்கள்

இருபது வருடமாக ரிக்ரஷன் என்ற புள்ளியியல் கணக்கைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் நான். வயது, எடை, வேலை என்று எதைக் கொடுத்தாலும், மற்றதெல்லாம் சமமாக இருந்தால் இது ஒன்றால் எவ்வளவு வித்தியாசம் என்று சராசரியாக ஒரு பதில் சொல்லிவிடும். அதை நம்பி அறிக்கை எழுதிவிட்டு மேனாம்பேட்டில் இருக்கும் வீட்டுக்குப் போய்விடுவேன்.

வெள்ளானூரில் மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் நடந்த ரத்த அழுத்த முகாம் பற்றிய அறிக்கையும் அப்படித்தான் தயாரானது. முகாமுக்கு ஒழுங்காக வருகிறவர்களுக்கும் வராதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை என்றது ரிக்ரஷன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய் அளந்த அழுத்தம், குறை சொல்ல முடியாது. ‘முகாமால் பயன் தெரியவில்லை’ என்று எழுதினேன். அது மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் முகாமை மூடிவிடுவார்கள் என்று தெரியும். அனுப்பக் கை வரவில்லை.

சரி, பார்ப்போமே என்று அதே தகவல்களை டெசிஷன் ட்ரீ என்ற இன்னொரு கணக்கு முறையிலும் போட்டேன். எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை கிடையாது. நாலு பேரை மாற்றினால் கிளையையே மாற்றிக்கொள்ளும். ஆனால் அது எல்லோரையும் ஒன்றாகப் போட்டுக் கலக்காது. ஒரு கேள்வி கேட்டு ஆட்களை இரண்டாகப் பிரிக்கும், பிரித்ததை மறுபடி பிரிக்கும். இந்த முறை முதல் கேள்வியே, கம்பெனி வேலைக்குப் போகிறாரா என்பதுதான். வீட்டில் இருப்பவர்களில், ஒழுங்காக வந்தவர்களுக்கு அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. கம்பெனிக்காரர்களிலோ, மாதம் தவறாமல் வந்தவர்களுக்குத்தான் எகிறிக் கிடந்தது. இரண்டும் சேர்ந்து சராசரியில் ஒன்றுமில்லாமல் போயிருக்கிறது.

முகாமில் நோயாளிகளின் புத்தகத்தைப் பார்த்து மாத்திரை கொடுத்து வருகை பதியும் சுகாதாரப் பணியாளருக்குப் போன் செய்து, கம்பெனிக்காரர்கள் தவறாமல் வந்தும் ஏன் இப்படி என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

“அவங்க எங்க மேடம் வந்தாங்க? காலைல கம்பெனிக்குப் பூடுவாங்க. ஊட்ல யாராச்சும் அவங்க புக்க எடுத்துகினு வருவாங்க. அதே மாத்திரைய குடுத்துட்டு டிக் போட்ருவோம். திருப்பி அனுப்சா மாத்திரையும் இல்லாம பூடும்ல?”

எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் இல்லை. இத்தனை மாதம் அந்த டிக்கை ஆள் என்றே எண்ணிக்கொண்டிருந்தேனே! நோய் முற்றியவர்கள்தான் மாத்திரையை விடமாட்டார்கள். ஆனால் அழுத்தத்தை அளந்து பார்க்காமல் மாத்திரையின் அளவை யார் கூட்டுவார்கள்?

வீடு வீடாகக் கேட்டு, ஆள் வந்தாரா, புத்தகம் வந்ததா என்று அவர் பிரித்துக் கொடுத்தார். அதை வைத்து மறுபடி ரிக்ரஷனுக்கே போனேன். ட்ரீ காட்டிய சந்தேகத்தை அதுதான் உறுதி செய்ய வேண்டும். நேரில் வந்தவர்களுக்குப் பயன் தெளிவாகத் தெரிந்தது. ‘பயன் தெரியவில்லை’ என்ற வரியை அடித்துவிட்டு, புதிதாக எழுதி அறிக்கையை அனுப்பினேன். முகாம் மூடப்படவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது.

விஷயத்தைச் சொன்னபோது அந்த அம்மாவுக்குச் சந்தோஷம். “உங்க ஊட்ல சாரு நேர்ல போய்தான் பாக்கறாரா மேடம்?” என்றார். என் கணவருக்கும் அழுத்தம் இருப்பதை ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன்.

அவருக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் வேலை. லீவு போட முடியாது என்றவரை ஒரு பாட்டம் திட்டி, எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நர்ஸ் ஒரு முறை அளந்தார். மறுபடியும் அளந்துவிட்டு அவருடைய புத்தகத்தைப் புரட்டினார்.

“ஒரு வருஷமா இவருக்கு மாத்திரை வாங்கிட்டுப் போனது யாரு?”

நான்தான் என்றேன்.