சாமி அளவில் செய்த கால்

வல்லத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் பிடுங்கும்போது வெள்ளையம்மாள் தன் கூலிக் காயில் இரண்டு கை அள்ளி, பிள்ளைத்தாய்ச்சியான பொன்னியின் கூடையில் போட்டுவிடுவாள். பொன்னிக்கே தெரியாது. வரப்போரம் ஏர் செப்பனிட்டுக்கொண்டிருந்த நான் பார்த்தேன்.

1938இல் வெள்ளையம்மாளைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரியில் இடது முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அடுத்த அறுவடைக்குள் நடந்தால்தான் வேலை கிடைக்கும் என்று அவள் புருஷன் முருகையன் திண்டிவனத்தில் என் பட்டறைக்கு அழைத்துவந்தார்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். தச்சு வேலையோடு கோயில் வாகனமும் செய்வேன். உள்ளங்கை நீளம் தெரிந்தால் சாமிக்கு எந்த அங்கம் எத்தனை விரற்கடை என்று கணக்காய்ச் சொல்லிவிடுவேன். அயலான் மனைவியின் காலைத் தொடுவதாவது? முழங்காலின் சுற்றளவையும் உள்ளங்கை நீளத்தையும் என் மனைவி வீரம்மாள் நூலால் எடுத்தாள். மற்ற காலின் நீளத்தையும் எடுக்கட்டுமா என்று கேட்டாள். கணக்கு இருக்கும்போது அது எதற்கு என்றேன். மயிலத்து முருகனை வேண்டிக்கொண்டு பூவரசில் கடைந்தேன். சாமி அளவில் செய்தது பிசகாது என்று கோயில் வாசலில் எல்லோரிடமும் பெருமையடித்தேன்.

கட்டிக்கொண்டு எழுந்தாள். இடுப்பின் ஒரு பக்கம் தூக்கி நின்றது. கட்டை ஒரு விரற்கடை நீளம் கூடிவிட்டது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ரம்பத்தை எடுத்தால் ஐந்து நிமிஷ வேலை. "சரியா இருக்குதாம்மா?" என்று மட்டும் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். போகப் போகப் பழகிவிடும் என்று முருகையனிடம் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு அறுவடைதான் போனாள். பிறகு இடுப்புவலி குனியவிடவில்லை. கேள்விப்பட்டும் நான் அந்தப் பக்கம் போகவில்லை. வாரந்தோறும் மயிலம் மலை ஏறினேன். வல்லத்துக்குப் போகக் கால் வரவில்லை.

1943இல் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். ஒரேயடியாய்ச் சாய்ந்து போயிருந்தாள். கண்டமங்கலத்தில் தங்கை வீட்டோடு இருக்கப் போகிறாளாம். தப்பு என்னுடையது, இப்போதாவது அறுத்துத் தருகிறேன் என்றேன். பஸ் கிளம்ப இருந்தது. ஏறுமுன் அவள் சொன்னதுதான் கடைசி, அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

"அன்னிக்கே தெரியும், ஆசாரியாரே. சாமி அளவுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தீங்க, எப்படிச் சொல்றது? இனிமே அறுத்து என்னாத்துக்கு, இடுப்பு இப்படியே நின்னுபோச்சு. வேற யாருக்காவது செஞ்சா அவுங்க கால்லயே அளந்துடுங்க. தொட்டா பாவம் ஒண்ணும் வராது."