அக்காவோடு மலாயாவில் போன கார்ப் பயணம்

அக்கா நம்மை விட்டுப் போய் இந்த மாசியோடு ஒரு வருடம் நிறைகிறது. திதிக்கு வந்து எங்களோடு உட்கார்ந்திருக்கும் உறவினர்கள், நண்பர்கள் கையில் இந்தச் சிறு மலரைக் கொடுக்கிறோம். படம் நன்றாக வந்திருக்கிறது. கட்டுரைக்கு வேறு ஆள் பார்த்திருக்கலாமே என்று படித்து முடித்ததும் உங்களில் சிலருக்குத் தோன்றும். ஆனால் இதை எழுத வேண்டியவன் நான் ஒருவன்தான்.

அக்கா பிறந்தது ஆலங்குடிக்குத் தெற்கே, முந்திரிக்காடும் கடலைக்கொல்லையுமான எங்கள் ஊரில். மூத்தவர் அவர், இளையவன் நான், எங்களுக்குப் பின் யாரும் இல்லை. பதினேழு வயதில் குடுமியான்மலையில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் லாரி ஓட்டத் தெரிந்தவர், அதிர்ந்து பேசாதவர். மகளுக்கு இரண்டு வயது ஆனபோது அவர் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். ஒரு ரப்பர்த் தோட்டத்தில் லாரி ஓட்டும் வேலை. மூன்று வருடத்தில் திரும்புவதாகச் சொல்லிப் போனவர் ஆறு வருடமாகியும் வரவில்லை. கடிதம் மட்டும் மாதம் தவறாமல் வரும். அக்கா குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்து, கடலை உடைத்தும் முந்திரிக்கொட்டை வறுத்தும் எங்கள் அப்பாவுக்குப் பாரமில்லாமல் வாழ்ந்தார். வந்த விருந்தாளி சாப்பிடாமல் போனால் அன்று முழுக்கப் புலம்புகிற சுபாவம் அவருடையது. அவர் கையால் சாப்பிடாதவர் இந்த மலரை வாங்குகிறவர்களில் யாரும் இருக்க மாட்டீர்கள்.

சுதந்திரம் வந்து நான்கைந்து வருடம் ஆகியிருந்த சமயம், தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அத்தான் சொல்ல வேறு யாரோ எழுதியது. வயிற்றில் கட்டி, கப்பல் ஏறத் தெம்பில்லை, முடிந்தால் ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லவும் என்றிருந்தது. கடைசி வரியில், வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை, அவள் கிளறும் புளிச்சோறுதான் நினைவுக்கு வருகிறது என்று இருந்தது. அக்கா அந்த வரியை மட்டும் என்னை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்.

பாஸ்போர்ட், பெர்மிட் என்று அலைந்ததில் இரண்டு மாதம் போயிற்று. மகளை அப்பாவிடம் விட்டுவிட்டு, நாகப்பட்டினத்தில் அக்காவும் நானும் கப்பல் ஏறினோம். பினாங்கில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மளிகைக்கடை வைத்திருந்தார். அவர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் அவர் காரிலேயே ஈப்போவுக்கு அப்பால் இருந்த தோட்டத்துக்குப் போவதாக ஏற்பாடு. நாங்கள் வருகிற செய்தியை அவர் தோட்டத்து ஆபீசுக்கு டெலிபோனில் சொல்லிவிட்டார். அத்தானுக்கு நினைவு இருக்கிறது, ஆனால் அதிக நாள் தாங்காது என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலம் அந்தக் கடை முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். காட்டுக்குள் கலகக்காரர்கள் ஒளிந்திருக்கிறார்கள், அவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று அரசாங்கம் சாலையெங்கும் கேட் போட்டுச் சோதனை செய்கிறது, அரிசியோ ஆக்கிய சோறோ ஒரு பருக்கை காரில் இருக்கக்கூடாது, அக்காவிடமும் சொல்லிவிடு என்றார். நான் தலையாட்டினேன்.

விடிவதற்கு முன் எழுந்து பார்த்தால், அக்கா அந்த வீட்டு அடுப்படியில் புளிக்காய்ச்சல் கிண்டிக்கொண்டிருந்தார். நல்லெண்ணெயும் பெருங்காயமும் தெருவரை மணத்தன. கடிதம் வந்த நாளிலிருந்து சிரிக்காத மனுஷி, என்னைப் பார்த்துச் சிரித்தார். "அவுகளுக்கு ரெண்டு வாய் ஊட்டிட்டாப் போதும்டா, எந்திரிச்சு உக்காந்துருவாக" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சோற்றைக் கொட்டு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அதோடு எஸ்.எஸ்.எல்.சி. படித்த திமிர் வேறு. கட்டுச்சோறு இல்லாமல் பக்கத்து ஊருக்குக்கூடக் கிளம்பாத சனம் நாம். நோயாளிக்குக் கொண்டுபோகிற சோற்றைப் பிடிக்கிற சர்க்காரும் உலகத்தில் உண்டா, கடைக்காரர் பயந்த சுபாவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயில் கொழுக்கட்டை வைத்தவன் போல இருந்துவிட்டேன். வாழையிலைப் பொட்டலங்களை ஒரு தூக்குச்சட்டியில் வைத்து, அதைத் தம் காலடியில் வைத்துக்கொண்டு அக்கா காரில் ஏறினார்.

நான் இன்று பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். எதையும் மணி சொல்லாமல் எனக்குச் சொல்ல வராது. ஆறரைக்குக் கிளம்பினோம். படகில் காரை ஏற்றி அக்கரை போய், அங்கிருந்து நாட்டுப்புறத்து வழி. கால் நட்ட மரவீடுகள், வரிசை பிசகாத ரப்பர் மரங்கள், ஈயம் தோண்டி நீர் நின்ற பள்ளங்கள். ஓரிடத்தில் பச்சைப்பசேலென்று நெல்வயல் வந்தது. அக்கா கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார். தண்ணீருக்கு வானத்தைப் பார்க்க வேண்டாத பூமி, அத்தான் இதை விட்டு வர மனசில்லாமல் இருந்ததில் தப்பில்லை என்று சொல்லிக்கொண்டார். வழியில் ஒரு சின்ன மாரியம்மன் கோயில் தெரிந்ததும் காரை நிறுத்தச் சொல்லி, இறங்காமலே கும்பிட்டார். உண்மையைச் சொன்னால், அந்த ஐந்து மணி நேரமும் அக்கா சந்தோஷமாகவே வந்தார். தம் வாழ்நாளில் அவர் ஊர் பார்த்துப் போனது அந்த ஒரு வழிதான்.

பதினொன்றரைக்கு முள்கம்பி கேட்டில் நிறுத்தினார்கள். தோட்டத்துக்கு இன்னும் பன்னிரண்டு மைல். கதவைத் திறந்த போலீஸ்காரர் குனியக்கூட இல்லை. பெருங்காய வாசனையே போதுமானதாக இருந்தது.

காரை ஓட்டி வந்த முதலாளியின் டிரைவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போனவர். பொட்டலத்தைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "மொதலாளி நேத்தே தம்பிகிட்ட சொன்னாரேம்மா, சோறு எடுத்துட்டு வரக்கூடாதுன்னு. தம்பி ஒங்ககிட்ட சொல்லலீங்களா?" என்றார்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

யார் கொண்டுவந்தது என்று போலீஸ்காரர் கேட்டதை டிரைவர் தமிழில் சொன்னார். நான் வாய் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டார். "நாந்தான் கட்டுனேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுங்க."

பெரிய அதிகாரி வந்துதான் விசாரிக்க வேண்டுமாம். மூவரையும் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார வைத்தார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஆஸ்பத்திரி, புருஷன், சீரியஸ், பன்னிரண்டு மைல் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். எங்கள் கண் முன்னாலேயே சோற்றை ஒரு குழியில் கொட்டி மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். அக்கா அழவில்லை. ஒரே ஒரு தடவை, "நடந்து போனா எம்புட்டு நேரம் ஆகும்டா?" என்று கேட்டார். நடந்து போகவும் விடமாட்டார்கள் என்று சொல்ல வேண்டியவனாக நான் இருந்தேன். அதிகாரி வந்தபோது மாலை ஐந்தரை. விசாரித்து முடிப்பதற்குள் ஆறு மணி ஊரடங்கு வந்து, சாலையை மூடிவிட்டார்கள்.

மறுநாள் காலை எச்சரித்து அனுப்பினார்கள். ஏழரைக்குத் தோட்டம் போய்ச் சேர்ந்தோம். முந்தைய நாள் பிற்பகல் இரண்டு மணிக்கே அத்தான் காலமாகியிருந்தார். ஊரடங்குக்கு முன் அடக்கம் செய்தாக வேண்டும் என்று ஐந்து மணி வரை எங்களுக்காகப் பார்த்திருந்துவிட்டு எடுத்துவிட்டார்களாம். கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் அத்தான், வந்துட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருந்ததாக ஆஸ்பத்திரி ஆள் சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அக்காவுக்குப் பார்க்கக் கிடைத்தது ஈரம் காயாத மண்மேடுதான்.

ஊர் திரும்பியதும் விஷயம் வேறுவிதமாகப் பரவியது. சோற்றைக் கட்டிக்கொண்டு போய்ப் புருஷன் முகத்தைப் பார்க்காமல் விட்டவள் என்று பேசினீர்கள். ஆமாம், உங்களைத்தான் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், பேச விட்டவன் நான். சில வருடம் கழித்துத் தைப்பூசத்துக்கு விராலிமலை போயிருந்தோம். மரத்தடியில் கட்டுச்சோற்றை அவிழ்க்கும்போது ஒருவர் அக்காவைப் பார்த்து, பார்த்து அவிழ், கேட்காரன் வரப்போகிறான் என்று கேலி பேசினார். எல்லோரும் சிரித்தார்கள். மகளுக்கு அப்போது பதினைந்து வயது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க சோறு கட்டாமப் போயிருந்தா அப்பா மொகத்தப் பாத்துருக்கலாம்ல ஆத்தா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாள்.

"ஆமா தாயி. எம் புத்தி அன்னைக்கு அப்புடிப் போச்சு" என்றார் அக்கா.

நான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சோற்றை நான் சாப்பிட்டு முடிக்கவும் செய்தேன்.

சென்ற வருடம் மாரடைப்பு வந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் அக்கா படுத்திருந்த நான்காம் நாள், மகள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, உண்மையை அவளிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். பதினாறு வருடமாக நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டே பேசினார். "அவளுக்கு அப்பன் இல்ல. மாமனும் இல்லாமப் பண்ணவாடா நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்? சீர் செய்ய, முன்ன நின்னு கட்டிக் குடுக்க நீதானே இருந்த." மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

மகளுக்குத் தாய்மாமன் முறையில் எல்லாம் நான்தான் செய்தேன். மாலை எடுத்துக் கொடுத்தேன், மணவறைக்குக் கைபிடித்து அழைத்துப் போனேன். அத்தனையும் அக்கா தம் பெயரைக் கெடுத்துக்கொண்டு எனக்கு வாங்கிக் கொடுத்த மரியாதை. பழி ஊர் முன்னால் விழுந்தது, ஊர் முன்னால்தான் அதைத் துடைக்க வேண்டும். அதனால்தான் அச்சில் போடுகிறேன்.

பினாங்கில் சோறும் காரும் கொடுத்த கடைக்காரருக்கும், கொட்டகையில் அக்காவுக்குத் தேநீர் வாங்கி வந்து கொடுத்த பெயர் தெரியாத மலாய்க்காரக் காவலருக்கும், அத்தானைத் தோள்கொடுத்துத் தூக்கிய, எங்களுக்கு முகம் தெரியாத தோட்டத்து மக்களுக்கும், கடைசி ஏழு நாளும் அக்காவைக் கவனித்துக்கொண்ட டாக்டருக்கும் நர்ஸ்களுக்கும், இன்று வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அச்சுக்குக் கொடுக்கும் முன் மகளிடம் நேரில் சொல்லிவிட மூன்று தடவை அவள் வீட்டுக்குப் போனேன். மூன்று தடவையும் காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். முதல் பிரதியை அவள் கையில்தான் கொடுக்கப் போகிறேன். அவள் உள்ளே போய்ப் படிப்பாள். நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். வந்து மாமா என்று கூப்பிடுவாளா என்று எனக்குத் தெரியாது.