பாங்கு நேரத்துச் சார்ஜர்

தங்கச்சியின் மோட்டார் சைக்கிள் பற்றரி, இரண்டு நாள் சார்ஜில் இட்டும் தேறவில்லை. கோமாரி ஊரின் ஆளற்ற வீதியில் அவள் தனியே நின்றுவிடுவாளோ என அஞ்சி, புதியது வாங்க எண்ணினேன்.

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கடற்காற்றில் மிதந்து வந்தது. அரைத்தூக்கத்தில் கிடந்த நான், உம்மா தொலைக்காட்சிச் சுவிட்சை அணைப்பதையும், அதே சுவிட்சில் ஓடிய சார்ஜரின் விளக்கு மறைவதையும் கண்டேன். பாங்கு முடிந்து சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிந்தது. ஆனால் சார்ஜரின் பொத்தானை மீண்டும் அழுத்தினால்தான் சார்ஜ் ஏறும்.

"உம்மா, ஒவ்வொரு பாங்குக்கும் இத நிப்பாட்டுறீங்களா?"

"ஓம் மகன், பாங்கு சொல்லக்குள்ள டீவி கத்தலாமா?"

"பற்றரியும் நோன்பு புடிச்சிருக்கு, காக்கா!" என்று தங்கச்சி அண்ணனான என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

சார்ஜரை வேறு சுவிட்சுக்கு மாற்றினேன். மறுநாள் காலை, ஸ்டார்ட்டரை அழுத்தியபோதும் பற்றரியில் பிடித்த வோல்ட்மீற்றரின் எண் பெரிதாகச் சரியவில்லை; பற்றரி தேறிவிட்டது. அதைப் பார்த்த பின்னரே அவளைப் போகவிட்டேன்.