கோதுமை அரைக்காத மில்லைத் தேடி 26 கிலோமீட்டர்

ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லாரும் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போவார்கள். நான் போன ஞாயிறு என் மகளையும் நாலு கிலோ கேழ்வரகையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மாவு மில் தேடிப் போனேன்.

யாழினிக்கு ஒன்பது வயது. சீலியாக் நோய். கோதுமையில் இருக்கும் குளூட்டன் கொஞ்சம் உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும். ஐந்து மாதமாக வீட்டில் சப்பாத்தி, ரவை, பிஸ்கட் கிடையாது; பதிலுக்குக் கேழ்வரகு மாவுதான். உடம்பு தேற நல்ல கொழுப்பு வேண்டுமென்று நிலக்கடலை, நல்லெண்ணெய், மத்தி மீன். குடலின் நல்ல பாக்டீரியாவுக்குத் தயிர். அப்படியும் வயிற்றுவலி நிற்கவில்லை. ஸ்கூலில் திருட்டுத்தனமாகப் பிஸ்கட் தின்கிறாள் என்று முடிவு கட்டினேன். அவள் அழுதும் நம்பாமல், பையைச் சோதிக்கும்படி மிஸ்ஸிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

டயட்டீஷியன் மேடம்தான், "மாவு எங்க அரைக்கிறீங்க?" என்றார். பெருமையாகச் சொன்னேன். மண்ணூர்பேட்டை மில்லில், மாவு விழும் குழாயில் கட்டிய துணியைக் காட்டி, "அண்ணாத்தே, துணியில ஒட்டிக்கினு கீறதையும் தட்டி உடு" என்று கேட்டு, ஒரு கைப்பிடி கூடுதலாகவே வாங்கி வருவேன். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு முன்னால் அங்கே அரைபடுவது பெரும்பாலும் கோதுமை; துணியில் ஒட்டியிருந்ததும் அதுதான். பத்தாவதோடு நின்ற மூளைக்கு அப்போதுதான் உறைத்தது.

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டிலிருந்து காலை 7.10க்குக் கிளம்பினோம். ஆவடி மில்காரர், "கோதும அரைச்சா இன்னா நைனா? தொடச்சிட்டுப் போடறேன்" என்றார். கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தேன். பூந்தமல்லி நெரிசலில் 25 நிமிடம் போனது. 8.50க்குக் குத்தம்பாக்கம், மொத்தம் 26 கிலோமீட்டர்.

இடியாப்ப மாவு அரைக்கும் மில் அது. நடத்துகிற அக்கா, "இங்க அரிசி, கேவுரு மட்டும்தான். கோதுமைய வாசல்லியே திருப்பி அனுப்பிடுவேன். கொயந்தைக்கு இன்னா?" என்றார். விவரம் சொன்னேன்.

பக்கத்தில் நின்ற யாழினி, "அப்போ நான் திருடித் தின்னலதானேப்பா?" என்றாள்.

"இல்லம்மா. நான்தான் கலந்து குடுத்திருக்கேன்."

"நல்லா கீதுய்யா! நீ கலந்துட்டு கொயந்தையப் புடிச்சியா?" என்றார் அக்கா. கேழ்வரகுப் பையை அவரிடம் நீட்டினேன்.

போகிறவர்களுக்கு: கிலோவுக்கு 12 ரூபாய், ஞாயிறு பகல் பன்னிரண்டு வரை. கேழ்வரகைக் காயவைத்து எடுத்துப் போங்கள். கட்டிப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு சேர்ப்பார்கள், அட்டையைப் படியுங்கள். தயிரும் எண்ணெயும் நல்லதுதான். ஆனால் உள்ளே போன கோதுமையை அவை கழுவிவிடாது. வலி நின்றுவிட்டது என்று எழுத எனக்கும் ஆசை. அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

திரும்பும்போது திருமழிசையில் வண்டியை ஓரங்கட்டி, யாழினியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"சரி. மிஸ்கிட்டயும் நீயே வந்து சொல்லணும்."

திங்கள் காலை 8.20க்குப் பள்ளி வாசலில் நின்றேன்.