இடுப்புக் கூடை

எங்கள் மாடி அறையில் குடியிருந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது தன் தூண்டிலைச் சித்தப்பாவிடம் கொடுத்தார். அதோடு சேர்ந்த கூடையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பின்னால் நடந்ததற்கெல்லாம் நான் அவரைத்தான் பொறுப்பாக்குவேன். இத்தனை வருஷம் கழித்து வந்து மறுக்கவா போகிறார்?

எழுபதுகளின் கடைசி அது. திருவண்ணாமலைக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் மலையைச் சுற்றுவார்கள், கண்ணை மூடி உட்காருவார்கள், வயிற்றுப்போக்கு வந்து படுப்பார்கள். இவர் மட்டும் மீன் பிடித்தார். அதுவும் புழு இல்லாமல், மாவு இல்லாமல். சின்னத் தூண்டில் முள்ளில் கோழி இறகைப் பூச்சி மாதிரி கட்டி, சாட்டை சுழற்றுவதுபோல முன்னும் பின்னும் வீசித் தண்ணீர் மேல் இறக்குவார். பூச்சி என்று நம்பி மீன் கவ்வும். கவ்விய மீனைத் தடவிக் கொடுத்துத் திரும்ப ஏரியிலேயே விட்டுவிடுவார். தெருவில் அவருக்கு இருந்த மரியாதை அதோடு போயிற்று.

"விடறதுக்கு எதுக்குய்யா புடிக்கிற?" என்று சித்தப்பா அவரிடமே கேட்டார். அப்போதெல்லாம் சித்தப்பா எதையாவது கேட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்.

அந்தத் தூண்டிலில் ஒரு தொல்லை இருந்தது. நூல் தடியாக, மிக நீளமாக இருக்கும். வீசிய பிறகு இடது கையால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இழுத்த நூல் காலடியில் விழும். அவர் ஊரில் காலடியில் புல்தரை இருக்குமோ என்னவோ, எங்கள் ஏரிக்கரையில் இருப்பது வேலிகாத்தான் முள். அதில் சிக்கினால் அடுத்த வீச்சு பாதியிலேயே நின்றுவிடும். அதற்காகத்தான் அவர் இடுப்பில் ஒரு தட்டைக் கூடையைக் கட்டியிருந்தார். நூல் அதற்குள் வளையம் வளையமாக விழும். கூடையின் அடியில் சின்னச் சின்ன முளைகள் நின்று, வளையங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் பிரித்து வைக்கும்.

அந்தக் கூடை இல்லாத குறைக்கு என்னை வேலைக்கு வைத்தார்கள்.

அதற்குள் வீட்டில் ஒரு காரியம் நடந்திருந்தது. பிரசவத்துக்காகக் கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டுக்குப் போன சித்தி திரும்பி வரவில்லை. குழந்தையும் வரவில்லை. சாமியிடம் போய்விட்டார்கள் என்று எனக்குச் சொன்னார்கள். மலையையே சாமி என்கிற ஊர் இது. கொஞ்ச நாள் மலையைப் பார்த்துக்கொண்டு, அவ்வளவு உயரம் கைக்குழந்தையோடு ஏறிய சித்திக்கு இறங்க வழி தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா வேலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். தாடி வளர்ந்தது. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் சாப்பிடுவார், வைக்க மறந்தால் கேட்கமாட்டார். ஒருநாள் சாயங்காலம் மூலையில் கிடந்த தூண்டிலை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினார். அடுக்களையிலிருந்து அம்மா ஓடிவந்தார்.

"தம்பி, இவனையும் கூட்டிட்டுப் போங்க."

"இவன் எதுக்கு அண்ணி?"

"நூல புடிக்க ஆளு வேணாமா? முள்ளுல சிக்கிக்கினா பேஜாரு."

என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், "அவரு கண்ணுல படற மாதிரியே நில்லுடா. எங்கியும் போயிடாத," என்றார். கண்ணில் படாவிட்டால் நூல் சரியாகக் கைக்கு வராது போலிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் எனக்கு ஏரி. தெருப் பையன்கள் கில்லி ஆடப் போவார்கள். நான் இரண்டு கைகளையும் நீட்டி, கல்யாணத்தில் தாம்பூலத் தட்டு ஏந்தியவன் மாதிரி, சித்தப்பா பக்கத்தில் நிற்பேன். ஈர நூல் கை மேல் விழும். கொசு கடித்தால் சொறியக் கூடாது. மூக்கு அரித்தால் சித்தப்பாவிடம் சொல்ல வேண்டும். அவர் சொறிந்துவிடுவார். பேச்சு அவ்வளவுதான். எப்போதாவது விரால் மாட்டும். அதை அவரும் திரும்ப விட்டுவிடுவார். முதல்முறை அப்படி விட்டபோது, எதற்காக விடுகிறார் என்று கேட்டேன்.

"அதுக்குன்னு யாராவது இருப்பாங்கடா," என்றார்.

மீனுக்கு யார் இருப்பார்கள்? எனக்குச் சிரிப்பு வந்தது. கையில் நூல் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் எனக்கு வெறுத்துவிட்டது. ஒரு கூடை கிடைத்தால் விடுதலை என்று தோன்றியது. முதலில் வீட்டிலிருந்த அலுமினிய அன்னக்கூடையைக் கயிறு போட்டுச் சித்தப்பாவின் இடுப்பில் கட்டினேன். தூண்டில் கம்பு பட்டபோதெல்லாம் டங் டங் என்றது. ஏரியில் இருந்த மீன்களெல்லாம் பூஜை நேரம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கும். ஆனாலும் சித்தப்பாவுக்குப் பிடித்திருந்தது. "இனிமே நீ வரத் தேவல. ஆடப் போடா," என்றார். அன்று வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அன்னக்கூடையைப் பிடுங்கிப் பரண் மேல் போட்டார்.

"சோறு வடிக்கிற பாத்திரம். அதுல மீன் நாத்தமா?"

அந்த அன்னக்கூடையில் தீபாவளிக்கு மட்டும்தான் சோறு வடிப்பார்கள். நான் எடுத்துச் சொன்னேன். முதுகில் ஒன்று விழுந்தது.

அடுத்ததாக, சித்தி கட்டிய பூவை வைக்கும் மூங்கில் கூடை ஒன்று மச்சில் கிடந்தது. அகலம் சரியாக இருந்தது. மூங்கில் சிம்பு நூலைப் பிடித்து இழுத்தது உண்மை, ஆனால் தேய்த்துச் சரிசெய்திருக்கலாம். அதற்குள் அப்பா பார்த்துவிட்டார்.

"சாமிக்குப் பூ வச்ச கூடைடா! அதப் போயி ஏரிக்கு எடுத்துக்கினு போறியா?"

அப்பா கோயிலுக்குள் போய் நான் பார்த்ததில்லை. தேர் அன்று கூடக் கடை திறந்து வைத்திருப்பவர். அன்று திடீரென்று பக்தி வந்து, கூடையை வாசலில் போன பூக்காரம்மாவிடம் சும்மா கொடுத்துவிட்டார். சித்தப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் கூடை தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. என் மூளையைப் பார்த்துப் பெரியவர்களுக்குப் பொறாமை.

ஆகவே மூன்றாவது கூடையை ரகசியமாகச் செய்தேன். அக்கா அப்போது ஒயர் கூடை பின்னிக்கொண்டிருந்தாள். ஊரில் எல்லாப் பெண்களும் பின்னினார்கள். அக்கா எட்டாம் வகுப்பிலேயே சிவன் கண் முடிச்சு போடுவாள். பக்கத்திலிருந்து பார்த்து நான் சாதா முடிச்சை மட்டும் திருடிக்கொண்டேன், கூடவே ஒயரையும். ஒரே ஒயர்க் கட்டிலிருந்து எடுத்தால் தெரிந்துவிடும் என்று, கட்டுக்குக் கொஞ்சமாக வெட்டி எடுத்தேன். அதனால் என் கூடையில் எல்லா நிறமும் இருந்தன. எல்லாம் துண்டு. ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுப் பின்ன வேண்டியிருந்தது. ஒட்டுப்போட்ட இடத்தில் ஒயர் முனையை மடித்து உள்ளே சொருகிவிட வேண்டும். அது எனக்கு வரவில்லை. முனைகளெல்லாம் கூடைக்குள்ளே முள்ளம்பன்றி மாதிரி விறைத்துக்கொண்டு நின்றன.

கோழிக் கூட்டுக்குப் பின்னால் வைத்துச் சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் உள்ளே கைவிட்டு அந்த முனைகளைத் தடவிப் பார்த்தார்.

"வெள்ளக்காரன் கூடையிலயும் இப்படித்தான்டா முள முளயா இருந்திச்சு. தெரிஞ்சே பண்ணியா?"

"பின்ன?" என்றேன்.

ஓட்டை ஓட்டையாக இருந்ததால் தண்ணீரும் தங்காது. சித்தப்பா பழைய கண்டக்டர் பெல்ட்டை அதில் கோர்த்தார். "உங்கம்மாகிட்ட சொல்லாத," என்றார். நான் எதற்குச் சொல்லப்போகிறேன்? அக்காவுக்குத் தெரிந்தால் என் தோல் மிஞ்சாது.

ஞாயிற்றுக்கிழமை, உச்சிவெயில். நான் தெருவில் கில்லி ஆடிக்கொண்டிருந்தேன். அம்மா வாசலுக்கு வந்து, "சித்தப்பா எங்கடா?" என்றார்.

"ஏரிக்குப் போயிட்டாரு."

"தனியாவா?"

"அதான் கூட இருக்குல்ல. நான் பின்னிக் குடுத்தனே," என்று பெருமையில் உளறிவிட்டேன்.

அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. எடுக்கவில்லை. "ஐயோ, யாராவது போங்களேன்!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். அப்படி ஒரு குரல் அம்மாவிடம் இருந்தது அதுவரை எனக்குத் தெரியாது. அப்பா கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தார். சட்டை போடவில்லை. அக்கா உள்ளிருந்து, "என்னா கூடை? என்னா கூடைம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

நான் ஓட ஆரம்பித்தேன்.

மற்றவர்கள் எதற்காக ஓடினார்களோ, நான் ஒயருக்காக ஓடினேன். கூடை பின்னித் தரச் சொல்லி நாலைந்து பேர் அக்காவிடம் கொடுத்து வைத்திருந்த ஒயர் அது. எல்லோர் நிறமும் என் கூடையில் இருந்தன. அக்கா பார்ப்பதற்குள் அதை எங்கேயாவது புதைத்துவிட வேண்டும். வீதிகளை விட்டு வேர்க்கடலைக் கொல்லை வழியாகக் குறுக்கே விழுந்து ஓடினேன். செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. அழுதுகொண்டே ஓடியபடி, எல்லாச் சாமிகளுக்கும் எதையாவது வேண்டிக்கொண்டேன். மொட்டை, அலகு, அங்கப்பிரதட்சணம். ஒயர் கூடைக்காக அலகு குத்திக்கொள்ள நேர்ந்துகொண்ட ஒரே பக்தன் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன். பயத்தில் அரைக்கால் சட்டையும் நனைந்திருந்தது. ஏரித் தண்ணீர் என்று பிறகு சொல்லிக்கொண்டேன்.

அப்பாவுக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

கரையில் தூண்டில் படுத்திருந்தது. நூல் தூண்டிலின் சக்கரத்தில் சுற்றியது சுற்றியபடி, காய்ந்து கிடந்தது. மதகுக்குப் பக்கத்தில், ஏரி ஆழமாகும் இடத்துக்குச் சற்று முன்னால், சித்தப்பா தொடையளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது. இடுப்பில் ஒரு பக்கமாக என் கூடை. அது நிறையக் கல்.

நான் பார்த்தது கல்லை அல்ல. கல் கனத்தில் கூடை தொங்கி, பக்கவாட்டில் ஒரு முடிச்சு வாயைப் பிளந்துகொண்டிருந்ததைத்தான் பார்த்தேன்.

"சித்தப்பா! கல்லு போடாதீங்க! பிஞ்சிடும்! எல்லாம் ஒட்டு ஒயரு!"

அவர் திரும்பினார். என்னை அடையாளம் தெரியாதவர் மாதிரிப் பார்த்தார்.

"அக்காவோட ஒயரு சித்தப்பா! அக்கா என்ன கொன்னுடுவா!"

அவர் அசையவில்லை. நான் அழுகையும் மூக்குமாகத் தண்ணீரில் இறங்கிவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. அப்போது எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. அவருக்கு இருந்தது.

"டேய், வராத! அங்கியே நில்லு! நில்லுடா!"

"அப்ப கூடய குடுங்க!"

தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அவர் என்னை நோக்கி வந்தார். கல்லோடு வந்ததால் மெதுவாகத்தான் வர முடிந்தது. வந்து என் கையைப் பிடித்துக் கரையில் இழுத்துப் போட்டார். பிடித்த இடம் மறுநாள்வரை சிவந்திருந்தது. பெல்ட்டை நான்தான் கழற்றினேன். கல்லை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டு, முடிச்சு முடிச்சாகச் சரிபார்த்தேன். ஒன்று மட்டும்தான் விட்டிருந்தது.

"எதுக்கு இவ்ளோ கல்லு?" என்று அதட்டினேன். அந்த நேரத்தில் நான்தான் பெரியவன் மாதிரி இருந்தேன்.

"காத்து ஜாஸ்தியா இருந்திச்சுடா," என்றார். ஓர் இலை அசையவில்லை.

"நூலு நனையவே இல்லியே?"

அவர் ஈரக் கையால் கூடையை வாங்கிப் பார்த்து, "நல்லாத்தான்டா பின்னியிருக்க. கெட்டியா இருக்குது," என்றார். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

அப்பா வந்தார். சித்தப்பாவைப் பார்த்தார், கல் குவியலைப் பார்த்தார். என்னை அடிப்பார் என்று தலையில் கையை வைத்துக்கொண்டேன். அவர் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே விட்டார், அது முள்ளுக்குள் போய் விழுந்தது. சித்தப்பாவை ஒட்டி உட்கார்ந்து அவர் தோளில் கையைப் போட்டார். இரண்டு பேரும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கூடையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டில் அக்கா என்னை அடிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. இரண்டு நாள் அவள் எதிரில் வராமல் சுற்றினேன். அம்மா என் தட்டில் முட்டை வைத்தார், கேட்காமலேயே.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு சாயங்காலம், கில்லியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் சித்தப்பா தூண்டிலோடு நின்றுகொண்டிருந்தார். என்னைக் கூட்டிக்கொண்டு போகும்படி அம்மா சொல்லவில்லை. அவராகவே கூப்பிட்டார்.

"வாடா, போலாம்."

"கூடதான் இருக்கே சித்தப்பா?"

"அது சரியில்லடா. நீயே வா."

என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்குக் கெட்டியாக இருக்கிறது என்று சொன்ன வாயால் இன்றைக்குச் சரியில்லை என்கிறார். எத்தனை முடிச்சு, எத்தனை ஒட்டு, எவ்வளவு திருட்டு! பெரியவர்கள் பேச்சை இனி நம்புவதே இல்லை என்று முடிவு செய்தேன். வழியெல்லாம் அவரோடு பேசவில்லை. ஏரிக்கரையில், எப்போதும் போல் அவர் கண்ணில் படும் இடமாகப் பார்த்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டினேன்.

ஈர நூல் ஒவ்வொரு வளையமாக விழுந்தது.