குழாயைத் திருப்பிய ஏழுமலை

போன தை மாதம், நான் மாற்றலாகி வந்திருந்த ஐயங்கார்குளம் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு மணி அடித்த நேரம். உத்திரமேரூர் பஸ்ஸின் கண்டக்டர் படிக்கட்டில் நின்றபடியே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "டீச்சர்! மைக் செட் ஏயுமல பூட்டாரு. காலைல நெஞ்சு வலின்னு குந்தினாராம், அவ்ளோதான். உங்களுக்குச் சொல்லச் சொன்னாங்க." பஸ் புறப்பட்டுவிட்டது. தூக்குப்பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த மனிதர் சத்தமில்லாமல் செய்த ஒரே காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

அவரை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காவாந்தண்டலம் பக்கம் ஒரு பெரிய ஏரி, அதன் இரண்டு கரையிலும் இரண்டு ஊர்கள். ஊர்ப்பெயரை எழுதினால் யாரை முதலில் எழுதினேன் என்று இன்றைக்கும் சண்டை வரும். ஆகவே இக்கரை, அக்கரை என்றே வைத்துக்கொள்கிறேன். இக்கரையில் ஏழுமலையின் ஒலிபெருக்கிக் கடை. கல்யாணம், காதுகுத்து, திருவிழா, தேர்தல் எதுவானாலும் இரண்டு ஊருக்கும் அவர் செட்தான். ரகசியம் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல் அவருக்கு. அவர் மனைவி பட்டம்மாள், "இவருக்கு எதுக்கு மைக்கு? வாயே போதும்" என்று சொல்வார்.

எழுபதுகளின் நடுவில் இக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு நான் அறிவியல் ஆசிரியையாக வந்தேன். வந்த வாரமே அவரோடு சண்டை. நான் மகரந்தச் சேர்க்கை நடத்திக்கொண்டிருக்கிறேன். சன்னலுக்கு வெளியே "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று அலறல். வெளியே போய்க் கத்தினேன். அவர் அதைவிட உரக்கக் கத்தினார். "டீச்சரம்மா, உங்க தொண்டைக்கு நம்ப கடையில மைக்கே தேவையில்ல!" என்று சிரித்தாரே பார்க்கலாம், பிள்ளைகளும் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து நாங்கள் நண்பர்கள். பள்ளிக்கூட நேரத்தில் ஒலிபெருக்கிக் குழாயின் வாயைத் துணி போட்டு மூடி வைப்பார். மணி அடித்ததும் துணியை எடுத்துவிட்டு, "பர்மிசன் கீதா, இல்லியா?" என்று வாசலில் நின்று கேட்பார்.

அந்த இரண்டு ஊர்களுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. திருவிழா வந்தால் ஒலிபெருக்கிக் குழாய்களை ஏரிக்கரைப் பனைமரங்களில் கட்டுவார்கள். வாய் எந்தப் பக்கம் தெரியுமா? தங்கள் ஊர்ப் பக்கம் அல்ல, எதிர்க்கரைப் பக்கம்! எங்கள் அம்மன் பாட்டு எங்கள் தெருவில் கேட்காவிட்டால் போகிறது. அக்கரைக்காரன் காதில் விழ வேண்டும். தையில் இக்கரைத் திருவிழா, மாசியில் அக்கரைத் திருவிழா. தையில் இங்கிருந்து அங்கே அலறிய அதே குழாய்கள் மாசியில் அங்கிருந்து இங்கே அலறும். "இவனும் நம்பள வெச்சித்தான் அவன ஏசறான், அவனும் நம்பள வெச்சித்தான் இவன ஏசறான். இதவிட இன்னா பொயப்பு வேணும்?" என்பார் ஏழுமலை.

பிறகு ஒரு வருஷம் அந்தப் பெருமழை வந்தது. ஐப்பசியில் பிடித்து கார்த்திகை முழுக்கக் கொட்டி, ஏரி நிரம்பி, உபரிநீர் போகும் கடைவாசல் வழிந்தது. ஏரிக்குள் நின்ற கருவேல மரங்கள் இடுப்பளவு நீரில் நின்றன. மார்கழியில் ஒரு காலை, ஏழுமலை என் வீட்டு வாசலில் நின்று தெருவே எழும்படிக் கூப்பிட்டார். "டீச்சரம்மா, சீக்கிரம் வாங்க! ஏரியில மரமெல்லாம் வெள்ளையா பூத்துக்கீது!"

கருவேலம் மஞ்சளாகத்தானே பூக்கும் என்று திருத்திக்கொண்டே போனேன். கரையில் ஏறியதும் அவர் சொன்னது புரிந்தது. நத்தைக்குத்தி நாரைகள்! ஒவ்வொரு மரத்திலும் கிளை தெரியாமல் வெள்ளையும் சாம்பலுமாக. நடுநடுவே வக்கா, நீர்க்காகம், கொக்கு. வேடந்தாங்கலுக்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதை என் பள்ளிக்கூடத்து வேலிக்கு அந்தப்புறம் பார்க்கிறேன்! நான் குதித்தேன் என்று பிறகு ஊரில் சொன்னார்கள், குதித்துத்தான் இருப்பேன். சுள்ளி தூக்கிக்கொண்டு ஒன்று வருகிறது, கூட்டில் நிற்கும் இணை அதை வாங்கிச் செருகுகிறது, இரண்டும் அலகை அலகால் தட்டி டக்டக்டக் என்று தாளம் போடுகின்றன.

"ஏன் கூவல?" என்று கேட்டார் ஏழுமலை.

"வளர்ந்த நாரைக்குக் கூவுகிற குரல் கிடையாது, ஏழுமலை அண்ணே. அலகைத் தட்டுவதுதான் அதன் பேச்சு."

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். பிறகு நாரையைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் ஓசையை வாடகைக்கு விட்ட மனிதருக்கு, குரலே இல்லாமல் இத்தனை பெரிய குடும்பம் நடத்தும் பறவை பெரிய அதிசயமாகிவிட்டது. அதற்குப் பிறகு தினமும் கரைக்கு வந்தார். எதைத் தின்கிறது, ஏன் இந்த மரம், ஏன் வேப்பமரத்தில் கட்டவில்லை என்று என்னைத் துளைத்து எடுத்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை இருவரும் நின்று பார்த்தோம். வயலில் நத்தை இருப்பதால் நாரை வருகிறது. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்பதால் பூனையும் நரியும் ஏறாது. கூட்டுக்குக் கீழே விழும் எச்சம் நீரில் கரைகிறது. அந்த நீர் மதகு வழியாக அதே நத்தை இருக்கும் வயலுக்கு உரமாகப் பாய்கிறது. நீர், மரம், நத்தை, நாரை, நெல் எல்லாம் ஒரே வீட்டு ஆட்கள். "ஒருத்தன வெளிய அனுப்பினா வூடே பிரிஞ்சிடும்" என்றார் அவர். அறிவியல் புத்தகத்தில் நான்கு பக்கம் வரும் பாடம் அது.

தை பிறந்தது. கூடுகளில் முட்டை. திருவிழாவுக்குப் பனைமரத்தில் குழாய் ஏறியது. எனக்கு அதன் அபாயம் உறைக்கவே இல்லை, அவருக்கும்தான். பிற்பகலில் சோதனைக்காக இசைத்தட்டைச் சுழல விட்டார்.

முதல் ஓசையில் ஏரியே எழுந்துவிட்டது. வானம் முழுக்க இறக்கை. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்த நிமிடமே காக்கைகள் இறங்கின. ஆளில்லாத கூடுகளில் ஒவ்வொன்றாகக் குத்தின. ஒரு முட்டை உடைந்து மஞ்சள் கரு கிளையில் வழிந்ததை நான் பார்த்தேன். ஏழுமலை கருவியை நிறுத்தவில்லை, ஒயரையே பிடுங்கி எறிந்தார். நாரைகள் வட்டமடித்து வட்டமடித்து, வெகுநேரம் கழித்துத்தான் இறங்கின. அவர் என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா இது, ஒரு பாட்டுக்கே இப்பிடி! நாளைக்கி அதிர்வேட்டு வேற கீதே!" என்றார்.

நேராகக் கோயில் தர்மகர்த்தாவிடம் போனோம். அவர் நல்ல மனிதர், ஆனால் அக்கரையை நினைத்தாலே ரத்தம் கொதிக்கும் மனிதர்.

"நைனா, இந்த வருசம் கரையில குயா கட்ல. வேட்டும் வேணாம்" என்றார் ஏழுமலை.

"நீ கட்லன்னா டவுன்லேர்ந்து வேற செட்டு வரும். இனிமே எப்பவும் அவன்தான் வருவான். யோசிச்சிக்கோ."

அது வெறும் மிரட்டல் அல்ல. இக்கரைத் திருவிழா போனால் அக்கரைத் திருவிழாவும் போகும், பிறகு கல்யாணங்களும் போகும். அந்தக் கடை ஒன்றுதான் அவர் வீட்டு அடுப்பை எரித்தது. நான் குறுக்கே புகுந்து முட்டை, காக்கை, எச்சம், உரம் என்று முழுப்பாடமும் நடத்தினேன். தர்மகர்த்தா மரியாதையாகக் கேட்டுவிட்டு, "டீச்சரம்மா சொல்றது நல்லாத்தான் கீது. ஆனா மைக் இல்லாத திருவிழாவ அக்கரைக்காரன் பார்த்தா சிரிப்பானே!" என்றார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நான் எழுந்துகொண்டேன்.

ஏழுமலை எழவில்லை. "நைனா, ஒண்ணு கேக்கறேன். இந்த நாரை எந்த ஊரு நாரை?"

"இது இன்னா கேள்வி? நம்ப பக்கத்து மரத்துல குந்திக்கினு கீது. நம்ப ஊரு நாரை."

"நீ குயாய அக்கரைப் பக்கம் திருப்பி அலற வுடற. சத்தத்துக்கு மெரண்ட பறவ சத்தம் வர்ற பக்கமா வரும்? அப்பிடியே அக்கரைக்குப் பின்னால கீற சித்தேரிக்குப் பூடும். அங்கயும் கருவேல மரம் கீது. நம்ப ஏரிய நம்பி வந்த விருந்தாளிய நாம்பளே மேளங்கொட்டி அவன் வூட்டுக்கு அனுப்பி வெச்சா, அவன் சிரிக்க மாட்டான்?"

தர்மகர்த்தா வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு கவலையை நான் பார்த்ததே இல்லை. "குயாய ஊர்ப் பக்கம் திருப்புடா" என்றார். "வேட்ட எடுத்து உள்ள வை!"

மூன்று நாள் திருவிழாவும் குழாய்கள் எங்கள் தெருவைப் பார்த்தபடி கோயில் வாசலில் அலறின. தலைமுறை தலைமுறையாக எதிரிக்கு அனுப்பிய ஓசையை இக்கரை முதல்முறையாகத் தானே கேட்டது. இரண்டாம் நாளே ஊர் தாங்கவில்லை. "இன்னாடா பேஜாரா கீது, சத்தத்தக் கொறைடா!" என்று தர்மகர்த்தாவே ஆள் அனுப்பினார். ஏழுமலை சிரித்த சிரிப்பில் எங்கே நாரைகள் எழுந்துவிடுமோ என்று நான் அவர் வாயைப் பொத்தப் போனேன்.

மாசியில் அக்கரையிலும் அதே பாடத்தைத் திருப்பிப் போட்டார். "நீங்க அலற வுட்டா மொத்தமும் இக்கரைக்காரன் பக்கமே நெலச்சிடும்" என்றார். அவர்களும் குழாயைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தப் பங்குனியில் குஞ்சுகள் கிளை நுனியில் நின்று இறக்கையை அடித்துப் பார்த்ததை இரண்டு கரையிலும் கூட்டம் கூட்டமாக நின்று பார்த்தார்கள். அடுத்த வருஷம் இன்னும் அதிகம் வந்தன. ஏரி மரத்தில் யாராவது கோடாரி வைத்தால் இக்கரைக்காரனை அக்கரைக்காரனும் அக்கரைக்காரனை இக்கரைக்காரனும் பிடித்துக் கொடுத்தார்கள். பகை அப்படியே இருந்தது. அந்தப் பகையே காவல் வேலை பார்த்தது. உத்திரமேரூர் சந்தையில் "எங்க நாரை, எங்க நாரை" என்று இரண்டு ஊரும் அடித்துக்கொள்ளும்போது ஏழுமலை என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். "சத்தம் போடத் தெரிஞ்சவனுக்குத்தாம்மா எங்க நிறுத்தணும்னு தெரியணும்" என்று ஒருமுறை சொன்னார்.

செய்தி வந்த அன்று அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனேன். எங்கள் பக்கத்தில் சாவு ஊர்வலம் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். பறை முழங்கும், வெடி அதிரும். ஏழுமலைக்கு அது குறைவாக நடந்தால் ஊர் தன்னையே மன்னிக்காது. வெடி மூட்டை வந்திருந்தது. அழுதுகொண்டிருந்த பட்டம்மாள் அதைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "அத்தத் திருப்பி அனுப்புங்க. நாரை முட்ட வெச்சி அடை குந்திக்கினு கீது" என்றார். மூட்டை வந்த வழியே திரும்பிப் போயிற்று.

பறை மட்டும் தெருவெல்லாம் முழங்கியது. என் நெஞ்சில் இடித்தது அந்த ஓசை. அவர் இருந்திருந்தால் எழுந்து ஆடியிருப்பார். சுடுகாட்டுக்குப் போகும் வழி ஏரிக்கரை மேல்தான். பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள்; நான் மட்டும் பள்ளிக்கூட வேலி ஓரமாக ஓடிக் கரைக்கு வந்தேன். பறையை நிறுத்தச் சொல்ல வேண்டுமே, சாவில் போய் எப்படிச் சொல்வது என்று தவித்தேன்.

முதல் பனைமரம் வந்தது. யாரும் கை காட்டவில்லை. பறையடித்தவர்கள் தாமாகக் குச்சியை இறக்கினார்கள். அழுதவர்கள் துண்டால் வாயைப் பொத்தினார்கள். அத்தனை பெரிய கூட்டம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தது. எதிர்க்கரையில் அக்கரை ஊரே வந்து பேசாமல் நின்றது. பாடை, கருவேல மரங்களுக்கு நேரே, கரை முழுவதையும் கடந்து போயிற்று.

ஏழுமலை அண்ணே, உங்களிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கரையளவு அமைதியைத்தான். ஊரை அலற வைத்த உங்களைத் தவிர வேறு யாராலும் அதைச் சம்பாதித்திருக்க முடியாது. நான் மரங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நாரைகூட எழவில்லை.