ஐயா பெயரில் ஒரு டயாட்டம்

மனித குலம் இதுவரை கண்டிராத ஓர் உயிரை உலகுக்கு அறிமுகப்படுத்தும் பேறு எனக்கு வாய்த்தது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அறிமுகப்படுத்திய இடம், போடியில் ஒரு தனியார் கல்லூரியில் கழிப்பறைக்கு அடுத்த அறை.

இனி நான் சொல்வது நடந்தது. தாவரவியல் ஆசிரியன் பேய் பார்த்தேன் என்று சொன்னால் சம்பளம் கூடாது, மரியாதைதான் குறையும். அப்படியும் சொல்கிறேன் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

டயாட்டம் என்பது நீரில் வாழும் ஒற்றைச் செல் பாசி. உடம்பைச் சுற்றிக் கண்ணாடி ஓடு. என் நண்பன் ஸ்டீவன் அண்டார்டிகா போன ஆய்வுக் குழுவில் இருந்தான். அங்கே ஒரு நன்னீர் ஏரியின் சேற்றை மை பாட்டில் அளவுக்குக் கொண்டுவந்து தந்தான். அதில்தான் குட்டையான ஓர் ஓடு கண்ணில் பட்டது. எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒன்று இல்லை. புது இனம்!

பெயர் வைக்க வேண்டுமே. கல்லூரியை நிறுவிய ஏலக்காய் வியாபாரி, அமரர் ஞானசிகாமணி ஐயாவின் பெயரை வைத்தேன். அவர் குமுளியைத் தாண்டிப் போனவர் அல்ல. நான் வேலைக்குச் சேரும் முன்பே காலமானவர். படத்தில் மாலையோடு மட்டும் பார்த்திருக்கிறேன். அவர் மகன் வினோத்ராஜ்தான் தாளாளர். நான் பல வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் சொல்லவில்லை.

பெயர் சூட்டு விழாவுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, வினோத்ராஜ் போன் செய்தார்.

“பாண்டி சார், நாளைக்கு விழா. கலெக்டர் வாராக. அப்பா பேருல மாத்தம் கீத்தம் இல்லையே?”

“இல்லவே இல்ல சார்.”

“உங்க பெர்மனன்ட் ஆர்டர் டைப் அடிச்சாச்சு. மேடையில வச்சே குடுத்துருவோம்.”

பேய் என்றால் நள்ளிரவு, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கு வந்தது மதியம் இரண்டு நாற்பதுக்கு. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். வெளியே வெயில் கொளுத்தியது. கல்லூரியில் ஒரு ஈ காக்கை இல்லை.

ஆய்வகத்தில் ஒரு வேலை பாக்கி இருந்தது. இருக்கும் ஓடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கண்ணாடித் துண்டில் அதைச் சுற்றி வட்டம் கீற வேண்டும். உலகத்துக்கு அந்த ஒற்றை ஓடுதான் அந்த இனத்தின் சாட்சி.

என் மைக்ராஸ்கோப் மக்கர் செய்ததால் வகுப்புக்கு வைத்திருப்பதை எடுத்தேன். எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்து ஒரே காட்சியைப் பார்க்கும் கருவி அது. பார்வைக்கு நடுவே பச்சையாக ஓர் அம்பு தெரியும். எதிரில் இருப்பவர் குமிழைத் திருப்பினால் அம்பு நகரும்.

குனிந்து பார்த்தேன். பெரிதும் சிறிதுமாக ஏழெட்டு ஓடுகள். ஓரத்தில் என் புது இனம். அம்பும் எரிந்தது. நான் போடவில்லை. ஆய்வக உதவியாளர் பூமாரி அணைக்க மறந்திருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

ஏலக்காய் வாசனை வந்தது. போடியில் ஏலக்காய் வாசனையைப் பார்த்துப் பயந்தால் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்.

சலக்... சலக்...

சல்லடையை ஆட்டுகிற சத்தம். கடைவீதியில் இருந்து என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கடைவீதியே கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது.

அம்பு நகர்ந்தது.

மிகப் பெரிய ஓட்டின் மேல் போய் நின்றது. டக், டக் என்று இரண்டு முறை தட்டியது. அடுத்து, அதைவிடச் சற்றுச் சின்னது. டக், டக். அடுத்து, அதிலும் சின்னது...

கடைசியாக என் புது இனம்.

டக். டக்.

என்னை அறியாமல் ஓடுகளின் மேல் இருக்கும் நுண்வரிகளை எண்ணினேன். எல்லா ஓட்டிலும் அதே வரி, அதே நெருக்கம். நீளம் மட்டும் படிப்படியாகக் குறைந்தது. டயாட்டம் இரண்டாகப் பிரியும்போது பழைய மூடிக்குள் புது மூடி போட்டுக்கொள்ளும். அதனால் தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்துக்கொண்டே வரும். சிறுக்கச் சிறுக்க உருவமும் மாறும். என் புது இனம், பழைய இனத்தின் கடைக்குட்டி.

நெஞ்சு சில்லிட்டது. பேயால் இல்லை. இதை நான் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஐந்து மதிப்பெண் கேள்வியாக நடத்துகிறேன்.

தலையை நிமிர்த்தினேன்.

எதிர் ஸ்டூல் காலி.

அந்தப் பக்கத்துக் கண்ணாடி வில்லையில் ஆவி படர்ந்தது. மறைந்தது. படர்ந்தது. மறைந்தது...

மூச்சு.

“ஒரே சரக்கு.”

காதோரம். கிழட்டுக் குரல்.

ஓடினேன்.

மறுநாள் காலை பூமாரி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“ஏன் சார், செருப்பு லேப்ல கெடக்கு, ஆளு எங்கிட்டுப் போனீக?”

“நீ அந்தப் பச்சை அம்பை அணைக்காமப் போயிட்ட.”

“எந்த அம்ப? பல்பக் கழட்டி மதுரைக்கு ரிப்பேருக்கு அனுப்பி ரெண்டு மாசமாச்சு. அது எரியுறதப் பாத்தீகளாக்கும்? கண்ணக் காட்டுங்க சார் டாக்டர்ட்ட.”

விழா பத்து மணிக்கு. தாளாளரைத் தனியே கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட முடிவு செய்தேன். அவர் அருகே போய், “சார், ஒரு விஷயம்...” என்றேன். “ஆர்டர்தானே? பையிலதான் இருக்கு, பயப்படாதீக” என்றார். நான் தலையாட்டினேன்.

மேடையில் அவர் தந்தையைப் பற்றிப் பேசினார்.

“அப்பாவுக்குக் கடைசியில கண்ணு தெரியல. ஆனாலும் காயி தரம் பிரிக்கையில பக்கத்துல ஒக்காந்துக்குவாக. பெருசு, சிறுசுன்னு ஒவ்வொண்ணாத் தொட்டு, விரலால ரெண்டு தட்டு தட்டுவாக. ‘ஒரே சரக்குடா, சல்லடதேன் வேற’ம்பாக.”

கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய் ஆர்டரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். புது இனத்தை அறிவிக்கும் என் கட்டுரையும் பிறகு வெளிவந்துவிட்டது. ஐயா பெயர் அதில், அறிவியல் பெயர்களுக்கு உரிய சாய்ந்த எழுத்தில் இருக்கிறது.

விழா அன்று மேடைக்குப் பின்னால் பிளக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். இரண்டு பென்குவின்களுக்கு நடுவே ஐயா, அவர் தலைக்கு மேல் ‘புது இனம்’ என்று ஒரு படம். பேனர் கடைக்காரருக்குப் படம் அனுப்பியவன் நான். அனுப்பியது பெரிய ஓட்டின் படம், பழைய இனம். விழா முடிந்து மூன்று நாள் கழித்துத்தான் நானே கவனித்தேன்.